மணம் புரியாத தந்தை

தஞ்சை மாநகரில் சிவகங்கைக் கோட்டைக்குள் அமைந்த பழைய தேவாலயத்தினுட் புகுவோர் கண்ணை முதற்கண் ஈர்ப்பது வெண்பளிங்கிற் செதுக்கிய ஒரு சிற்பமாகும். ஐரோப்பியக் குரு ஒருவர் மரணப் படுக்கையிற் கிடக்கிறார். இந்திய அரசர் ஒருவர் அருகில் நின்று அவர் கையைத் தம் கையிற் பற்றியுள்ளார். தலைமாட்டில் வேறொரு குருவும், பக்கத்தே பள்ளிச் சிறுவர் சிலரும் காணப்படுகின்றனர். இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பியாகிய ஜான் பிளாக்ஸ்மன் என்பவரைக் கொண்டு இதனைச் செய்வித்துத் தஞ்சைக்கு வருவித்தவர், அதில் நிற்கும் அரசரே. சரசுவதி மகால் நூல்நிலையத்தின் வாயிலாகத் தமிழுலகம் நன்கறிந்த இரண்டாம் சரபோஜி மன்னர் அவர். படுக்கையிற் கிடப்பவர் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர். அரசர் கிறிஸ்தவரல்லர், தம் முன்னோர் சமயத்திலேயே இறுதிவரை நின்றவர். எனினும் ஐயரைத் தந்தை என்றே கருதினார். அவர் கல்லறைக்கெனத் தாமே ஆங்கிலத்தில் இயற்றிய செய்யுளிலும் அம்முறை கொண்டே விளித்தார்.

இங்ஙனம் தந்தையென விளிக்கப்பெற்றவர் மணம் புரியாதவர். எழுபத்தோராண்டு வாழ்ந்து, அவற்றுள் ஏறக்குறைய 48 ஆண்டுகளைத் தமிழ்நாட்டிற் கழித்து, மனைவியும் மக்களும் இன்றி மறைந்தவர். அவர் ஆற்றிய சபைப் பணிகளையும் அரசியற் பணிகளையும் முற்றக் கூற நாம் இங்குப் புகுந்திலம். அவற்றைப் பெரியோர் பலர் விரிவாக எழுதியுள்ளனர். அவர் ஏன் தனித்து வாழ்ந்தார், அத்தனிமை அவரை என்ன செய்தது, மணவாழ்க்கையைக் குறித்து அவர் கருத்து யாது என்பனவற்றையே ஈண்டு நோக்குவோம். கல்லூரிப் படிப்பு முடியுமுன்னரே பெண் பார்க்கத் தொடங்கிவிட்டதாக வீட்டிலிருந்து கடிதம் பெறும் மாணவர் நம்முட் பலர். ஊழியத்திற்கே தம்மை ஒப்புவிக்கக் கருதி, மணத்தை ஏற்பதா விலக்குவதா என மயங்குவாரும் சிலர் உளர். ஆதலின் இப்பொருள் நமக்கு அயலானதன்று.

ஐயர் 1726-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிராண்டன்பர்க் நாட்டுச் சோன்னன்பர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்து தேசத்தைச் சார்ந்துள்ளது. அவர் சிறு குழவியாயிருந்தபொழுதே அன்னையார் காலமாயினர். இறக்குந் தறுவாயில் அவ்வம்மையார் தம் கணவரையும் ஊர்க் குருவையும் அருகழைத்து, இப்பிள்ளையைத் தாம் கடவுளுக்கு நேர்ந்திருப்பதாகவும், வளர்ந்தபின் அவனுக்கு இறைபணியில் நாட்டம் பிறக்குமாயின் அதனைத் தடுத்தலாகாதெனவும் கூறி, அவர்களிடம் உறுதிமொழி பெற்றார். தாயற்ற பிள்ளையாய் வளர்ந்தவர் பிற்காலத்தில் எத்தனையோ அநாதைப் பிள்ளைகட்குப் புகலிடமானார் என்பதனை இங்கேயே குறித்து வைக்கிறோம். ஒன்று மற்றொன்றற்குக் காரணமென நாட்ட முயலோம்.

சுமார் இருபதாம் வயதில் அவர் ஹாலே நகரத்துப் பல்கலைக் கழகத்தை அடைந்தார். பிராங்கே என்னும் பெரியார் நிறுவிய அநாதைச் சாலையாலும் பள்ளிகளாலும் அந்நகரம் அக்காலத்தே பெயர் பெற்றிருந்தது. தரங்கம்பாடியிலும் சென்னையிலும் உழைத்துத் திரும்பிய சூல்ட்சே ஐயர் அப்பொழுது அங்கிருந்து, தமிழ் வேதாகமத்தை மீண்டும் அச்சிட எண்ணியிருந்தார். அச்சுப் பிழை திருத்த உதவும்பொருட்டு மாணவராகிய சுவார்ட்ஸ் தமிழ் பயிலலாயினார். அச்சு வேலை கைகூடவில்லை; கற்ற தமிழ் மட்டும் நின்றது. அத்தமிழே அவரை இந்நாட்டிற்கு இழுத்து வந்தது என்று சொல்லலாம்.

இந்தியா செல்லும்படி அழைப்பு வந்தபோது அவர் தந்தையாரிடம் விடைபெறச் சென்றார். தந்தையார் உடனே மறுமொழி கூறாமல், சில நாள் தவணை கேட்டு, மேல்மாடி அறையிற் சென்று தனித்திருந்தார். மகன் மணந்து, பெயரன் பெயர்த்தியரோடு தம் முதுமையில் உடனிருப்பான் என எண்ணுதல் எந்தத் தந்தைக்கும் இயல்பே. கடல் கடந்து செல்பவன் திரும்புவதில்லை என்பது அக்காலத்தார் நன்கறிந்த செய்தி. குறித்த நாளில் அவர் கீழிறங்கி வந்து, மகனுக்கு ஆசி கூறி, நாட்டையும் தந்தை வீட்டையும் மறந்து செல்லுமாறு பணித்தார். மகனும் தமக்குரிய பிதிரார்ஜித பாகத்தை உடன்பிறந்தார்க்கே விட்டுவிட்டு, 1749-இல் கோப்பன்ஹேகன் நகரிற் குருப்பட்டம் பெற்று, 1750-ஆம் ஆண்டு ஜூலையில் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே தமிழிற் பிரசங்கம் செய்தார் என்றால் அவரது உழைப்பை என்னென்பது!

மணத்தைக் குறித்து அவர் பிறந்த சபையின் நிலையை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். துறவியாயிருந்த மார்ட்டின் லூத்தர் 1525-ஆம் ஆண்டில், கன்னியர் மடத்தினின்று வெளிவந்த காதரீனா அம்மையை மணந்தார். அது முதல் குருமார் இல்லறத்தில் வாழ்தலே லூத்தரன் சபையின் வழக்கமாயிற்று. மடத்திலுள்ளவன் ஒருவன் இல்லத்திலுள்ளவனைவிடக் கடவுளுக்கு அணியன் என்னும் எண்ணத்தை அச்சபையார் விலக்கினர். நம் நாட்டில் வாழ்ந்த தத்துவபோதகரும் வீரமாமுனிவரும் தம் சபை விதித்த நோன்பு பூண்டு மணத்தை விலக்கியவர்கள். சுவார்ட்ஸ் ஐயருக்கோ அத்தகைய நோன்பு யாதுமில்லை. அவர் எந்த நாளில் மணக்க விரும்பினும் தடுப்பார் ஒருவருமிலர், வாழ்த்துவாரே பலர். ஆகவே அவருடைய தனிமை ஒரே நாளிற் செய்து முடித்த சபதமன்று. நாள்தோறும் புதிதாக மேற்கொண்டது. நோன்பினும் இது அரிதோ எளிதோ நாம் அறியோம். வேறானது என்பதில் ஐயமில்லை.

வேதத்தில் இதற்கு இடமுண்டோவெனின், உண்டு. பரலோக ராஜ்யத்தின் பொருட்டு மணவாழ்வை ஏலாதவரும் உளரென ஆண்டவரே உரைத்துள்ளார். ஆயினும் அஃது எல்லார்க்கும் ஏற்றதன்றெனவும் உடன் உரைத்தார். பவுல் அப்போஸ்தலர் கொரிந்து நகரச் சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தில், மணமாகாதவன் கர்த்தருடைய காரியங்களில் முழுக் கவலையும் செலுத்தக் கூடுமெனக் காட்டித் தம்மைப்போலிருப்பது நன்றென்கிறார். மணத்தல் பாவமன்றெனவும், அவரவர் பெற்ற வரம் அவரவர்க்கெனவும் அங்கேயே வரம்பு கட்டுகிறார். வள்ளுவனாரும் இல்லறவியல், துறவறவியல் என இரண்டும் வகுத்தார்; துறந்தாரைத் தாங்குங் கடமையை இல்வாழ்வான்மேல் வைத்தார். இஃது ஐயர் வாழ்க்கைக்கு எவ்வளவு பொருந்துமென்பதைப் பின்னர்க் காண்போம்.

தரங்கம்பாடிக் குருமார் பலர் இல்லறத்தாரே. முதல்வராகிய சீகன்பால்கு ஐயர் ஐரோப்பா சென்றிருந்தபொழுது மணம் புரிந்து மனைவியாருடன் திரும்பினார். 1719-இல் தம் 36-ஆம் வயதில் அவர் மரிக்க, அவ்வம்மையார் அந்நிய நாட்டில் கைம்பெண்ணாயினர். கடலூரில் உழைத்துப் பின்னர்க் கல்கத்தா சென்ற கீர்னாண்டர் ஐயர் முதல் மனைவியார் இறந்தபின் செல்வமிக்க ஒரு விதவையை மணந்தார். பெரும்பொருள் செலவிட்டு 1770-இல் அந்நகரில் ஓர் ஆலயம் எழுப்பினார். செல்வ வாழ்க்கையும் வாழ்ந்தார். முதுமையிற் கடனால் யாவும் இழந்தார். இவற்றைக் கேட்போர், மணத்தால் வந்த கேடு இதுவெனக் கைகாட்டக் கூடும். அஃது அறியாமை. கடன்பட்டது கீர்னாண்டர் குடும்பத்தின் மகனும் தந்தையும் செய்த வினையே. அவ்வம்மையாரோ தம் நகைகளையும் பள்ளிக்கென விட்டுச் சென்றவர்.

இக்காட்சிகளைக் கண்டும் கேட்டும் வாழ்ந்த சுவார்ட்ஸ் ஐயர் தம் கருத்தைக் கடிதங்களில் ஒளியாது எழுதியுள்ளார். புதிதாக வரும் மிஷனரி மனைவியோடு வந்திறங்குதல் தகாதென்பது அவர் துணிபு. வந்தவுடன் அவன் செய்யத்தக்கது கடவுளோடு உறவாடுதலும் மொழி கற்றலும். மொழி கற்றலோ முழு மனத்தையும் கேட்பது. அக்காலத்தே வீடமைத்தலும் விருந்தோம்பலும் பிள்ளை வளர்த்தலும் வந்து சேரின், கற்க வேண்டிய நாட்கள் கழிந்தே போம் என்பது அவர் காட்டிய காரணம். நோக்குமின்! மணம் இழிந்ததென்றோ, பெண் மாயையென்றோ, உடல் அழுக்கென்றோ அவர் ஓரிடத்தும் காரணங் காட்டவில்லை. நேரம் போதாதென்றே கூறுகிறார். உழவன் விதைப்புக் காலத்தே திருமணம் வைத்துக்கொள்ளாதது போன்றதொரு கணக்கு இது.

இவ்விடத்தில் நாம் ஐயரோடு முழுதும் உடன்படுவதற்கில்லை. மனைவியைக் கவலைக்குரிய பொருளாகவே எண்ணுகிறாரன்றி உடனுழைப்பாளாக எண்ணினாரல்லர். ஆடவர் நுழையவொண்ணாத அந்தப்புரங்கள் இந்நாட்டில் எத்தனை இருந்தன! அவற்றுள் நுழைந்து எழுத்தும் நூலும் கற்பித்தவர் பின்னாளில் வந்த மிஷனரிகளின் மனைவியரும், அவர்க்குப்பின் வந்த மணமாகாத மாதருமே யாவர். ஐயர் காலத்தில் அவ்வழி இன்னும் திறக்கப்படவில்லை என்று அவருக்காகச் சமாதானஞ் சொல்லலாம்.

1762-இல் அவர் தரங்கம்பாடியை விட்டுத் திருச்சிராப்பள்ளியில் தங்கலாயினார். அங்கு அவர் வாழ்ந்த விதத்தை வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதி வைத்திருப்பதனால் நாம் அறிகிறோம். பழைய இந்துக் கட்டடம் ஒன்றில் ஓர் அறை. கட்டிலும் அவரும் கொள்ளுமளவே இடம். சோறும் கறியும் இந்நாட்டு முறையிற் சமைத்தவை. கறுப்புச் சாயந்தோய்த்த பருத்தித் துணியே அங்கி. ஆண்டிற்கு 48 பவுன் வருமானத்தில் இவ்வளவும் நடந்து மிச்சமும் இருந்தது. மாலைதோறும் உபதேசிமாரும் மாணாக்கரும் அவரைச் சூழ்ந்திருந்து வேதம் வாசித்துச் செபிப்பர். மறுநாட் காலையில் இருவர் இருவராக ஊர்களுக்குச் செல்வர். கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டபோது, அநாதைகளான சிறுவர்க்குப் பள்ளி ஏற்படுத்தினார். தனியறை எனப் பெயர் பெற்றதேயன்றி, அவ்வறையில் தனிமை இருந்ததாகத் தெரியவில்லை.

தரங்கம்பாடியில் மூத்த கோலாப் ஐயர் என்பவர் மனைவி மக்களுடன் வாழ்ந்தார். அவர் தம் புதல்வர் ஜான் காஸ்பர் என்பவரை இளமையிலேயே சுவார்ட்ஸ் ஐயரிடம் ஒப்புவித்தார். ஐயர் அப்பிள்ளையைத் தம்முடன் வைத்து உணவூட்டிக் கல்வியூட்டி வளர்த்தார். 1787-ஆம் ஆண்டு ஜனவரியில் தரங்கம்பாடியில் அவ்விளைஞர் குருப்பட்டம் பெற்றபொழுது, பெற்ற தந்தை தம் ஐம்பதாண்டு ஊழியத்தை நிறைவு செய்து அருகிருந்தார். வளர்த்த தந்தை பிரசங்கம் செய்தார். ஒரு பிள்ளைக்கு இரு தந்தையர்! மேலே வள்ளுவனாரைக் குறித்தது இதன்பொருட்டே. கோலாப் குடும்பம் போன்ற இல்லங்கள் இல்லையாயின் சுவார்ட்ஸ் ஐயரின் துறவு வறிதே நின்றிருக்கும். மணந்தோர் மகனைப் பெற்றனர். மணவாதவர் அவனை மனிதனாக்கினார். இதில் யார் உயர்ந்தவர் என்று பட்டிமன்றம் நடத்துவார் நடத்துக.

பாளையங்கோட்டையில் நிகழ்ந்ததொன்றை இனிக் கூறவேண்டும். அதனைக் கூறாது விடின் ஐயரின் படம் ஒருபுறமே வரைந்ததாகும். தஞ்சையைச் சேர்ந்த கோகிலா என்னும் பிராமண மாது இளமையிற் கணவனை இழந்தவர். அவர் குலத்திற் கைம்பெண் மறுமணம் அக்காலத்தே நினைத்தற்கும் அரியது. லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் அவரைத் தம்முடன் வைத்துக்கொண்டார்; ஆங்கிலமும் கிறிஸ்து மார்க்கமும் கற்பித்தார்; மணந்து மட்டும் கொண்டாரல்லர். அம்மாது சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் வேண்டினார். மணமின்றி ஒருவரோடு கூடி வாழும் நிலையிற் கொடுத்தற்கியலாதென ஐயர் மறுத்துவிட்டார்.

தாம் மணத்தை ஏலாதவர், பிறர் மணமின்றி வாழ்வதைப் பொறுத்தாரல்லர் என்பது இதனாற் புலனாகும். மணத்தை அவர் விலக்கியது அற்பமென்றெண்ணி அன்று, பெரிதென்றெண்ணியே. அற்பமாயின், இந்தத் தடையும் அற்பமாய்த் தோன்றியிருக்குமே. இதனை நாம் ஒப்புகிறோம். ஒப்பினும் நம் உள்ளம் முழுதும் அமைதியுறவில்லை. மணந்துகொள்ளும் அதிகாரம் யாரிடத்து இருந்தது? படைத்தலைவரிடத்தன்றோ! அவர் செய்யாத கடமைக்குத் தண்டம் இறுத்தவர் அப்பெண். குலத்தார் தள்ளிய கைம்பெண், சபையின் வாயிலிலும் காத்து நிற்க வேண்டியதாயிற்று. தலைவருக்கு அவர் சபையில் என்ன தண்டனை விதிக்கப்பட்டதென்று எங்கும் படித்திலேம்.

லிட்டில்டன் இறந்தபின், 1778-ஆம் ஆண்டு பெப்ரவரியில், ஐயர் பாளையங்கோட்டைக்குச் சென்றபோது அம்மாது மீண்டும் வேண்டினார். இம்முறை ஐயர் ஞானஸ்நானங் கொடுத்துக் குளோரிந்தா என்று பெயரிட்டார். 1780-இல் எழுதப்பெற்ற பாளையங்கோட்டைச் சபையின் அட்டவணையில் 40 பெயர்கள் உள்ளன. அவற்றுள் முதற்பெயர் அவருடையது. 1785-இல் அவ்வூரில் எழுந்த ஆலயம் அவர் முயற்சியால் ஆகியது. இன்றும் மக்கள் அதனைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என வழங்குவர். திருநெல்வேலித் திருச்சபை என்னும் ஆலமரத்துக்கு வித்து இவரே. மறுக்கப்பட்ட காலத்தை எண்ணி அவர் உள்ளம் கசந்திருப்பின், நாம் குறை கூறுவதற்கில்லை, கசந்ததாகச் செய்தியில்லை. ஐயரும் பழைய வாழ்க்கையைப் பின்னர்ச் சுட்டிக்காட்டி அவரைத் தாழ்வாக நடத்தினாரல்லர். சபைக்குத் தக்கதோர் ஊழியரை அளித்தல் வேண்டுமென அவர் கேட்டபடியே, சத்தியநாதனைப் பிற்பாடு அங்கு அனுப்பினார்.

அப்பகுதியிலிருந்தே ஐயர் மற்றொரு பிள்ளையையும் பெற்றார். உபதேசியார் தேவசகாயம் பிள்ளையின் மகன், வயது பன்னிரண்டு, பாட்டில் விருப்பமுள்ளவன். ஐயர் அவனைக் கண்டு தந்தையிடம் கேட்டுத் தஞ்சைக்கு அழைத்துச் சென்று கற்பித்தார். அச்சிறுவனே பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியார். தமிழ் பயிலும் நாம் இச்செய்திக்காகவே ஐயருக்கு ஒரு கும்பிடு போடக் கடமைப்பட்டுள்ளோம்.

தனித்து வாழ்ந்தமையால் ஐயர்க்குப் போக்குவரவு எளிதாயிருந்தது என்பது உண்மை. 1779-இல் சென்னை அரசாங்கத்தார் மைசூர் ஐதர் அலியிடம் சமாதானத் தூது போகுமாறு அவரை வேண்டினர். ஐதர் பகைவரிடத்து வேறெவரையும் நம்பாராயினும் ஐயரை நம்புவார். ஐயர் சீரங்கப்பட்டணம் சென்று மீண்டார்; வழிச்செலவுக்கென ஐதர் கொடுத்த 300 ரூபாயைத் தஞ்சையில் அநாதைச் சிறுவர்க்குரிய ஆங்கிலப் பள்ளிக்கு முதலாக்கினார். தூது பயன்படவில்லை, மறு ஆண்டே போர் மூண்டது. போரோடு பஞ்சமும் வர, தஞ்சைக் கோட்டையினுள் உணவில்லை. ஊர்ப்புறத்தே நெல் இருந்தும், கூலியும் விலையும் முன்னர்ப் பெறாது ஏமாந்த குடியானவர் வண்டியும் மாடும் தர மறுத்தனர். அரசர் வாக்கையும் கும்பினியார் வாக்கையும் நம்பாதவர், ஐயர் தாமே பணம் தருவதாக உறுதி கூறியவுடன் ஓரிரு நாளில் 1,000 எருதுகளைக் கொணர்ந்தனர். 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. ஐயர் சொன்னபடி எல்லார்க்கும் பணம் கொடுத்து அனுப்பினார். தமக்கெனச் சேர்க்க மனைவி மக்கள் இல்லாதவர் என்பதனால் மக்கள் நம்பினரோ என்று சிலர் வினவுவர். பிள்ளையில்லாத பேராசைக்காரரையும் நம்மூர்களிற் காண்கிறோமாதலின், அதுவே காரணமென்று துணிதல் ஆகாது.

இனிச் சரபோஜியின் வரலாறு. துளஜா மகாராஜாவுக்குப் பிறந்த மக்கள் ஒருவரும் உயிரோடில்லை. நோயால் நலிந்த அவர் 1787-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தம் குலத்திற் பிறந்த பத்து வயதுச் சிறுவனைத் தத்தெடுத்தார். ஐயரை வரவழைத்துச் சிறுவனைக் காட்டி, இவன் இனி எனக்கன்று உமக்கே மகன் எனும் பொருள்படச் சொல்லி ஒப்புவித்தார். வேறொரு மிஷனரி இதனைப் பெரும் வாய்ப்பெனக் கருதியிருப்பார். ஐயர் மறுத்தார். நாட்டில் கட்சிகள் மலிந்திருந்தன. சிறுவன் உயிருக்கே இடருண்டு. மாதம் ஓரிரு முறை வந்து பார்ப்பதன்றி அவனைக் காக்கத் தம்மாலாகாது. அரசரின் சகோதரர் அமர்சிங்கிடம் ஒப்புவித்தால் அவர் தந்தையாயிருந்து காப்பார் என்று அறிவுரை கூறினார். அரசரும் அவ்வாறே செய்து சிறிது காலத்தில் இறந்தார்.

இஃது ஐயர் வாழ்க்கையில் நாம் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கும் இடம். மணத்தை ஏலாதவர் பிள்ளையையும் ஏற்கவில்லை. இரண்டிற்கும் ஒரே விடை கூறினார்: நேரமும் வலியும் போதா. முன்னதில் அவ்விடை பொருந்தியது. பின்னதிற் பிழைத்தது. அமர்சிங்கு தாமே அரசரானார். தத்து செல்லாதென்று பண்டிதர் கூறிய தீர்ப்பைக் கும்பினியாரும் ஏற்றனர். சிறுவன் அரண்மனையின் உள்ளே காவலில் வைக்கப்பட்டான். கல்வியின்றி, காற்றும் வெளிச்சமும் காணாது வாடினான். செய்தி ஐயர்க்கு எட்டியது.

மனைவியின் கண்ணீரும் உறவினர் நெருக்கமும் இன்றியே ஒருவர் தந்தையாவது எங்ஙனமென்பதை அதன்பின் வந்த பத்தாண்டுகள் காட்டுகின்றன. ஐயர் கும்பினியார்க்கு முறையிட்டார். சிறுவனுக்கு ஆசிரியர் வேண்டுமென்றார். அரண்மனைக்கே சென்று நேரிற் கண்டார். அரசர் சினந்தார், ஐயர் அஞ்சினாரல்லர். 1793-இல் சிறுவனையும் துளஜா மகாராஜாவின் விதவைகளையும் தஞ்சையினின்று சென்னைக்குக் கொண்டுபோக உத்தரவு கிடைத்தது. அப்போது அவர்க்கு வயது 66. தாமே அவர்களோடு சென்று சென்னையிற் சேர்ப்பித்து, கெரிக்கே ஐயரின் மேற்பார்வையிற் கல்வி பெறச் செய்தார். தத்து செல்லாதென்ற தீர்ப்பு முறையற்றதென நூல்களையும் சான்றுகளையும் காட்டி எழுதினார். தாம் முன்னர்க் கொண்ட கருத்தையும் மாற்றிக்கொண்டார். மரியாதை கெடுமே என்றெண்ணி முதற்கருத்தைக் கட்டிக்கொண்டு அழுபவர் பலரிருக்க, முதியவர் ஒருவர் ஒரு பிள்ளைக்காகத் தம் சொல்லைத் தாமே மறுத்தது சிறிய செயலன்று.

சரபோஜியைக் கிறிஸ்தவராக்க அவர் விரும்பினார் என்பதில் ஐயமில்லை, வற்புறுத்தியதில்லை. பிள்ளை தம் வழியே வரவில்லையென்று பிள்ளையை வெறுக்காத தந்தையரை நாம் நம் வீடுகளில் எண்ணிப் பார்ப்போமாக. ஐயர் அத்தகையவர். சரபோஜியும் ஐயரிடம் கற்ற அறிவார்வத்தைத் தம் நாட்டு நூல்களைத் தொகுப்பதிலும் மருத்துவம் ஆராய்வதிலும் பள்ளிகள் நிறுவுவதிலும் செலுத்தினார்.

1797-ஆம் ஆண்டின் இறுதியில் ஐயர் நோயுற்றார். தஞ்சைக்குத் திரும்பியிருந்த இளவரசர் வந்து காண, ஐயர் அவரை ஆசீர்வதித்து, குடிகளிடத்து நீதியாய் நடக்குமாறும், வீண் களியாட்டங்களைத் தவிர்க்குமாறும் அறிவுறுத்தினார். இளைய கோலாப் ஐயர் பெற்ற மகன்போல் இரவும் பகலும் அருகிருந்தார். கெரிக்கே ஐயரும் சென்னையிலிருந்து வந்தார். பாடல்களைப் பாடச் சொல்லிக் கேட்டும், இயன்றபோது உடன் பாடியும் இருந்தவர், 1798-ஆம் ஆண்டு பெப்ரவரி 13-ஆம் நாள் பிற்பகலில் உயிர் நீத்தார். சேர்த்த பொருளைச் சபைப்பணிக்கும் ஏழைகட்கும் எழுதி வைத்திருந்தார்.

மறுநாள் அடக்கம். பெட்டி மூடுமுன் சரபோஜி வந்தார். சில மாதங்களில் அவர் அரசுகட்டில் ஏற இருந்தார். அதனைக் காண ஐயர் இல்லை. முகத்தை நெடுநேரம் நோக்கிக் கண்ணீர் வடித்தார், பொன்னாடை ஒன்றை உடலின்மேற் போர்த்தினார், குழிவரைக்கும் பின்தொடர்ந்தார். வழியிற் பாடுவதற்கென ஒரு ஞானப்பாட்டைத் தேர்ந்து வைத்திருந்தனர். தோட்டத்தில் நிறைந்து நின்ற ஏழை மக்களின் அழுகுரல் அடங்காமையால் அதனைப் பாட இயலவில்லை.